திடீர் ஃபீஸ் பில்: வடசென்னை வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஒரு தனியார் கல்லூரியின் கணக்குப் பிரிவில் 19 வருஷம் வேலை பார்த்தவள் நான். ஃபீஸ் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள். இப்போது தண்டையார்பேட்டையில் வீட்டோடு இருக்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் சாயங்காலத்தில் யாராவது ஒரு பிள்ளை வாசலில் நின்று போனை நீட்டும். "அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க." போனில் ஒரு மெசேஜ் இருக்கும். இத்தனை ஆயிரம் நிலுவை, இத்தனாம் தேதிக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிந்து, படகு இறங்கி, கடனை அடைத்து, கையில் நாலு காசு புரள்வதற்குள் இந்த மெசேஜ் வந்துவிடுகிறது. துறைமுகத்தில் லோடு ஏற்றுகிற வீட்டுக்கும், மிண்ட்டில் தள்ளுவண்டி வைத்திருக்கிற வீட்டுக்கும் அதே நிலைமைதான்.

எல்லோருக்கும் முதலில் நான் சொல்வது இதுதான். பயந்துபோய் வட்டிக்கு வாங்கிக் கட்டாதீர்கள். பயந்துபோய் காலேஜுக்குப் போகாமலும் இருக்காதீர்கள். இரண்டையும் பார்த்திருக்கிறேன். வட்டியை எப்படியோ அடைத்துவிடலாம். ஒரு செமஸ்டர் வீட்டில் நின்ற பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்காரவைப்பது மிகவும் கஷ்டம். அதனால்தான் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதுகிறேன்.

மெசேஜ் வந்த அன்றைக்கு முதலில் என்ன செய்ய வேண்டும்?

அது காலேஜிலிருந்துதான் வந்ததா என்று பாருங்கள். அட்மிஷன் சமயத்தில் "உங்க பையன் ஃபீஸ் பாக்கி, இந்த கியூஆர் கோடில் உடனே போடுங்க" என்று யாரோ கூப்பிட்டு ஏமாற்றுவது நடக்கிறது. மெசேஜில் இருக்கும் லிங்கைத் தொடாதீர்கள். காலேஜ் இணையதளத்தில் மாணவரின் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் நேரில் போய்க் கேளுங்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

காலேஜ் அனுப்பியதுதான் என்றால் அடுத்த வேலை, மொத்தத் தொகையைப் பிரித்து வாங்குவது. "43,000 பாக்கி" என்று சொன்னால் அது பில்லே ஆகாது. எந்த செமஸ்டருக்கு, எந்தத் தலைப்பில், எவ்வளவு, இதுவரை கட்டியது எவ்வளவு, சலுகையில் கழித்தது எவ்வளவு என்று தாளில் கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாக் காலேஜிலும் மாணவருக்கென்று ஒரு லெட்ஜர், அதாவது கணக்குப் பதிவு இருக்கும். அதை பிரின்ட் எடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது. "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது" என்பார்கள். காட்டுவதைத்தான் தாளில் கேட்கிறோம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். கவுன்ட்டரில் இருக்கும் பிள்ளையோடு சண்டை வேண்டாம். அந்தத் தொகையை அவர் போடவில்லை. ஆனால் லெட்ஜரை எடுத்துக் கொடுக்க அவரால் முடியும்.

கட்டிய ஃபீஸையே மறுபடி கேட்கிறார்கள். இப்படி எப்படி நடக்கும்?

உள்ளே இருந்தவள் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடும் வழக்கம். ஒரே வருஷத்தில் எஸ். கார்த்திக் மூன்று பேர் இருப்பார்கள், ஆர். பிரியா நான்கு பேர் இருப்பார்கள். அப்பா போனிலிருந்து யூபிஐயில் பணம் வரும். அனுப்பியவர் பெயர் செல்வம் என்று இருக்கும், பிள்ளையின் பெயரே இருக்காது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கணக்கை முடிக்கிற அவசரத்தில் அந்தப் பணம் வேறொரு கார்த்திக்கின் கணக்கில் ஏறிவிடும். அவன் வாய் திறக்க மாட்டான், அவனுக்கு பாக்கி குறைந்திருக்கிறதே. என் சொந்த மகனுக்கே இது நடந்தது. அவன் படித்த காலேஜில், அது நான் வேலை பார்த்த இடமில்லை, ஒரு செமஸ்டர் பணம் முழுதும் இன்னொருவன் பெயரில் நின்றது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருந்த யூடிஆர் எண்ணை, அதாவது அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்ணைக் காட்டிய பிறகுதான் தேடினார்கள். அதற்குள் 1,800 ரூபாய் அபராதம் ஏறியிருந்தது. அதையும் ரத்து செய்ய வைக்க மூன்று முறை அலைந்தேன்.

அதனால் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் பெயரை மட்டும் போடாமல், பதிவு எண்ணையும் செமஸ்டரையும் போடுங்கள்.

இன்னும் சில காரணங்களும் உண்டு. கல்விக் கடன் கொடுத்த வங்கி நேராகக் காலேஜுக்கு அனுப்பிய தொகை எந்த மாணவருக்கு என்று தெரியாமல் தனியே நிற்கும். முதல் வருஷம் காலேஜ் பஸ்ஸில் போய்விட்டு நிறுத்தியிருப்பார்கள். எழுதிக் கொடுக்காததால் பஸ் கட்டணம் வருஷா வருஷம் தானாக ஏறும். அரசு தர வேண்டிய சலுகைத் தொகை வந்து சேராததால் அதை மாணவர் தலையில் பாக்கியாகக் காட்டுவார்கள். இவை எல்லாவற்றின் மேலும் நாளுக்கு 50, 100 என்று அபராதம் கூடிக்கொண்டே போகும். பாக்கியே தவறு என்றால் அதற்குப் போட்ட அபராதமும் தவறுதான். அதையும் சேர்த்தே எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் அது அப்படியே நிற்கும்.

கவுன்சிலிங்கில் சேர்ந்த பெண். முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். இருந்தும் முழு ஃபீஸ் கேட்கிறார்கள்.

இதே மாதிரி காசிமேட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மெசேஜில் 43,500 ரூபாய் இருந்தது. அம்மா காதில் இருந்ததைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டே வந்திருந்தார், அடகு வைத்துவிட்டுப் போகலாம் என்று.

லெட்ஜரை வாங்கி வரச் சொன்னேன். பிரித்துப் பார்த்தால் மூன்று வரி. டியூஷன் ஃபீஸ் பாக்கி 25,000. பஸ் கட்டணம் 14,000. அபராதம் 4,500. அவ்வளவுதான்.

அந்த 25,000 என்பது அவளுடைய முதல் தலைமுறைச் சலுகைத் தொகை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்த முதல் பட்டதாரிக்கு 2010-11 முதல் தமிழக அரசு டியூஷன் கட்டணச் சலுகை தருகிறது. சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வருஷத்துக்கு 25,000. அரசு அதைக் காலேஜுக்குக் கொடுக்கிறது. சலுகை போக மீதிதான் மாணவரிடம் கேட்க வேண்டியது. அரசுப் பணம் வரத் தாமதம் என்றால் அது காலேஜுக்கும் அரசுக்கும் நடுவில் உள்ள கணக்கு. ஒதுக்கீட்டு ஆணையிலேயே சலுகை குறிக்கப்பட்டிருந்தது. அதன் ஜெராக்ஸை வைத்து எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்த வரி போய்விட்டது. அதன் மேல் ஏறியிருந்த அபராதமும் போய்விட்டது.

பஸ் கட்டணத்தில் மட்டும் நாங்கள் முழுதாக ஜெயிக்கவில்லை. அவள் முதல் வருஷம் முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டாள், சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால். ஆனால் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் பாதி, 7,000 ரூபாய் கட்டினாள். அம்மாவின் தோடு காதிலேயே இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்த 7,000-மும் மிஞ்சியிருக்கும். அது எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது. வீட்டில் மூத்தவர் யாராவது ஏற்கெனவே பட்டதாரி என்றாலும், அண்ணனோ அக்காவோ இதே சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலும் கிடைக்காது. அதனால் சலுகை ரத்தாகி பில் வந்திருந்தால் காலேஜைக் குறை சொல்ல முடியாது.

7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பையனிடமும் பணம் கேட்கிறார்களே?

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான இந்த ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இவர்களுடைய கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தார். ஆகவே இவர்களுக்கு டியூஷன் ஃபீஸ் என்று பில் வரவே கூடாது. வந்தால் காலேஜில் ஒரு கடிதம், கூடவே கிண்டியில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு நகல். இதில் தயங்க எதுவுமே இல்லை.

பெரும்பாலும் டியூஷன் என்று கேட்க மாட்டார்கள். "டிரெய்னிங்", "யூனிஃபார்ம்", "அசோசியேஷன்" என்று கேட்பார்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எஸ்சி, எஸ்டி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எங்கள் அக்கவுண்டுக்கே வந்தது. வீட்டில் செலவாகிவிட்டது. இப்போது காலேஜ் கேட்கிறது.

வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இருந்து வருகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்கும் கேள்வி இது. வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பு இந்தப் பணம் காலேஜுக்கே போகும். இப்போது ஆதார் இணைத்த மாணவர் கணக்குக்கு நேராக வருகிறது. எந்தப் பணம் என்று யாரும் விளக்குவதில்லை. மழைக்காலத்தில், வேலை இல்லாத நேரத்தில் அக்கவுண்டில் பணம் வந்தால் அரிசி வாங்கத்தான் செய்வார்கள்.

சரி, கணக்கு என்னவென்றால், வந்த தொகையில் இரண்டு பகுதி இருக்கலாம். ஒன்று கல்விக் கட்டணம், அது காலேஜுக்கு உரியது. இன்னொன்று பராமரிப்புத் தொகை, அது மாணவருக்கே உரியது. காலேஜ் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பாஸ்புக்கில் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று என்ட்ரி போட்டு எடுத்துக்கொண்டு, எந்தத் தொகை எதற்கு என்று ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேளுங்கள். காலேஜ் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். சென்னை என்றால் ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் பக்கம், சிங்காரவேலர் மாளிகை. கும்மிடிப்பூண்டிப் பக்கக் காலேஜ் என்றால் திருவள்ளூர்.

செலவாகிவிட்ட கட்டணப் பகுதியை மூன்று, நான்கு தவணையாகத் தருகிறோம் என்று காலேஜ் முதல்வருக்கு (பிரின்சிபாலுக்கு) எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் பணம் வர வேண்டும்.

பணம் இன்னும் வரவேயில்லை, காலேஜ் மட்டும் கேட்கிறது என்றால் அது வேறு. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பதற்காக 2012 செப்டம்பர் 11-ல் அரசாணை 92 வந்தது. குடும்ப வருமான வரம்பு இப்போது இரண்டரை லட்சம். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, காலேஜ் தன் பங்குக்குச் சரிபார்த்து மேலே அனுப்பிவிட்டதா என்ற மூன்றையும் பாருங்கள். பல முறை விண்ணப்பம் காலேஜ் லாகினிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களே அனுப்பாமல், அவர்களே பணமும் கேட்டால் அதை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள்.

புதுமைப்பெண் பணத்தை ஃபீஸில் கழித்துக்கொள்ள முடியுமா?

முடியாது. 2022 செப்டம்பர் 5-ல் நம் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள். மாதம் 1,000 ரூபாய் அந்தப் பெண்ணின் கையில் இருக்க வேண்டிய பணம். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் பணமும் அப்படித்தான்.

ஒரு காலேஜ் இஷ்டத்துக்கு ஃபீஸை ஏற்றலாமா? யார் நிர்ணயிக்கிறார்கள்?

காலேஜைப் பொறுத்தது. சுயநிதிப் பொறியியல் கல்லூரிக்கு, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது. 2017-ல் அது நிர்ணயித்தது அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு வருஷம் 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000. நீங்கள் சேர்ந்த வருஷத்துக்கு எந்த ஆணை பொருந்துமோ அதை எடுத்து பில்லோடு ஒத்துப் பாருங்கள்.

அரசுக் கலைக் கல்லூரியில் தொகை மிகக் குறைவு, சண்டை வர வாய்ப்பும் குறைவு. அரசு உதவி பெறும் கல்லூரியில்தான் குழப்பம். ஒரே கட்டடத்தில் காலையில் உதவி பெறும் பிரிவு, மதியம் சுயநிதிப் பிரிவு என்று நடக்கும். ஒரே பி.காமுக்கு இரண்டு விதமான கட்டணம். எந்தப் பிரிவில் சேர்ந்தோம் என்று அட்மிஷன் தாளைப் பார்த்துவிட்டுப் பிறகு கேளுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மேலே சொன்ன குழுவுக்குள் வருவதில்லை. அங்கே, சேரும்போது கொடுத்த கையேட்டில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் உங்கள் ஆயுதம்.

எந்தக் காலேஜாக இருந்தாலும் நன்கொடைக் கட்டணம் வாங்குவதைத் தடைசெய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. வாங்குகிற எந்தத் தொகைக்கும் முறையான ரசீது தர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது ரசீது இல்லை.

"பிளேஸ்மென்ட் டிரெய்னிங்" என்று 12,000 போட்டிருக்கிறார்கள், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து.

பட்டம் தரும் கல்வி நிறுவனம் தன் மாணவருக்குத் தரும் கல்விச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஃபீஸ் பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் உடனே உஷாராகுங்கள். ஒன்று, போடக் கூடாததைப் போட்டிருக்கிறார்கள். இல்லை, வெளி நிறுவனம் ஒன்று நடத்துகிற பயிற்சியைக் காலேஜ் ஃபீஸ் மாதிரி வாங்குகிறார்கள். வெளி நிறுவனம் என்றால் அது விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தானே. "இது கட்டாயமா? கட்டாயம் என்றால் பல்கலைக்கழகத்தின் எந்த உத்தரவுப்படி?" என்று எழுத்தில் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தலைப்பு மட்டும் பில்லிலிருந்து காணாமல் போகும்.

கடிதம் எப்படி எழுதுவது? எங்களுக்கு இங்கிலீஷ் வராது.

தமிழிலேயே எழுதுங்கள். பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம். நான் எழுதித் தருவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். நான் பி.இ. இரண்டாம் ஆண்டு மாணவி, பதிவு எண் இது. ஜூலை 3 அன்று எனக்கு ரூ.43,500 நிலுவை எனக் குறுஞ்செய்தி வந்தது. இதில் ரூ.25,000 எனது முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. ஒதுக்கீட்டு ஆணையின் நகல் இணைத்துள்ளேன். இத்தொகையையும் இதற்கான அபராதத்தையும் என் கணக்கிலிருந்து நீக்கி, திருத்திய கணக்கை எழுத்துமூலம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இது முடிவாகும் வரை வகுப்புக்கும் தேர்வுக்கும் என்னை அனுமதிக்குமாறும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் போட மாட்டேன் என்றால் தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்ட் போட்டு, அதன் ரசீதைக் கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள். காலேஜ் ஈமெயிலுக்கும் அதையே படம் எடுத்து அனுப்புங்கள். வாயால் சொன்னது எதுவும் நிற்காது.

நாளை மறுநாள் தேர்வு. கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்கிறார்கள்.

தேர்வை விடாதீர்கள். இந்த இடத்தில் கொள்கை பேசிப் பிள்ளையின் பேப்பரை அரியராக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சண்டையில்லாத தொகையை உடனே கட்டிவிடுங்கள். தேர்வுக் கட்டணத்தை எந்தக் காரணத்துக்காகவும் பாக்கி வைக்காதீர்கள். மீதிக்கு, மேலே சொன்ன கடிதத்தோடு முதல்வரை நேரில் பாருங்கள், அம்மாவோ அப்பாவோ கூடப் போகட்டும். அப்படியும் விடவில்லை, கையில் பணமும் இருக்கிறது என்றால் கட்டுங்கள். ஆனால் "இத்தொகை எனக்கு ஏற்புடையதல்ல, தேர்வுக்காக ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று அன்றைக்கே ஈமெயில் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் கட்டினால், பிறகு "ஒத்துக்கொண்டுதானே கட்டினீங்க" என்பார்கள்.

காலேஜ் பதிலே சொல்லவில்லை. அடுத்து எங்கே போவது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். கையேட்டில் சொன்னதைவிட அதிகமாகப் பணம் கேட்பது, சான்றிதழைப் பிடித்து வைப்பது, உதவித்தொகை தாமதம் எல்லாமே அதற்குள் வருகிற குறைகள்தான். புகார் வந்த 15 வேலை நாளுக்குள் குழு அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். கலை அறிவியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகம், பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். குறைதீர்ப்பாளரின் பெயரும் ஈமெயிலும் பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்க வேண்டும். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

இந்தக் குழுவைப் பற்றி மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. "குறைதீர்க்கும் குழுவின் பார்வைக்கு" என்று கடிதத்தின் மேலே எழுதினாலே ஆபீஸில் நடை மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நானே உள்ளே இருந்தபோது அப்படி ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே லெட்ஜரைத் தேடி எடுப்போம்.

அரசுத் தொகை வராதது சிக்கல் என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100, இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றிடம் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

பாதியில் நின்றுவிட்டான். மீதி இரண்டு வருஷ ஃபீஸையும் கட்டினால்தான் டிசி, மார்க் ஷீட் தருவோம் என்கிறார்கள்.

இதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. படிக்காத வருஷத்துக்கு ஃபீஸ் கேட்பது அநியாயம். ஒரு செமஸ்டருக்கோ ஒரு வருஷத்துக்கோ மேல் முன்கூட்டியே வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. மானியக் குழுவின் 2018 அறிவிப்பும் அதையே சொல்கிறது. அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. சான்றிதழ் என்பது அடகுப் பொருள் இல்லை, பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

சேர்ந்த புதிதில் விலகியவருக்குப் பணமும் திரும்ப வர வேண்டும். 2018 அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பு விலகினால் ஒரு சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுத் தொகை, 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பின் 15-ஆம் நாள் வரை 80, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை 50. அதற்கும் மேல் போனால் எதுவும் இல்லை. சில வருஷங்களில் மானியக் குழு இதைவிடத் தாராளமாகத் தனி அறிவிப்பு விட்டிருக்கிறது, அந்த வருஷத்து அறிவிப்பையும் தேடுங்கள். விலகல் கடிதத்தின் தேதிதான் எல்லாம். மகனோ மகளோ போகாமல் நின்றுவிட்டால் அது விலகலாகாது. எழுதிக் கொடுத்து சீல் வாங்கினால்தான் கணக்கு நிற்கும்.

அக்கவுண்டில் பணம் கழிந்துவிட்டது. காலேஜில் வரவில்லை என்கிறார்கள்.

இரண்டாம் முறை கட்டாதீர்கள். யூபிஐயில் கடைக்கோ நிறுவனத்துக்கோ அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். யூடிஆர் எண்ணோடு வங்கியில் புகார் கொடுங்கள். கடைசித் தேதி நெருங்குகிறது என்றால் அந்தப் புகாரின் நகலைக் காலேஜில் கொடுத்து அபராதம் போடாமல் இருக்கக் கேளுங்கள்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

நான் அனுப்புவதில்லை. கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொல்லியிருக்கிறது. அங்கே போய்க் காலத்தை இழப்பதைவிட, பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாநில சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். அங்கே படியேற நம் ஆட்கள் ரொம்பத் தயங்குகிறார்கள். அது உங்களுக்காகத்தான் இருக்கிறது.

எல்லாம் சரிபார்த்தோம். பில் சரியாகத்தான் இருக்கிறது. பணம்தான் இல்லை.

அப்படியென்றால் அதை மறைக்காதீர்கள். "பாக்கி சரி, தவணை வேண்டும்" என்று முதல்வரிடம் நேராகச் சொல்லுங்கள். அப்பா கட்டுமானத் தொழிலாளியோ ஆட்டோ ஓட்டுநரோ என்றால் நலவாரிய அட்டை இருக்கிறதா பாருங்கள், பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதாவது பதிவு செய்யுங்கள். கல்விக் கடனை நடு வருஷத்திலும் கேட்கலாம். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது. கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். பத்து வட்டிக்கு வாங்கி ஃபீஸ் கட்டிய ஒரு வீட்டில், பையன் மூன்றாம் வருஷம் படிப்பை விட்டுவிட்டு அந்த வட்டியை அடைக்க டெலிவரி வேலைக்குப் போனான். நல்லாப் படிக்கிற பையன்.

ரசீதுகளை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

பட்டம் கைக்கு வந்து, சேரும்போது கட்டிய காப்புத்தொகையும் (காஷன் டெபாசிட்) திரும்பி வரும் வரை. கல்விக் கடன் இருந்தால் அது முடியும் வரை. காப்புத்தொகையைப் பாதிப் பேர் மறந்தே போகிறார்கள். கடைசி செமஸ்டரில் பாக்கி இல்லை என்று நோ டியூஸ் கையெழுத்து வாங்கும் அன்றே அதற்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எங்கள் பக்கத் தெருவில் ஒரு வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். மூன்று வருஷ ரசீதும் கூழாகிவிட்டது. அடுத்த ஜூனில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பழைய பாக்கி என்று பில் வந்தது. வங்கியில் பழைய ஸ்டேட்மென்ட் எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டி முடிக்க ஆறு வாரம் ஆனது. ரசீது வாங்கிய அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள்.